தேய்த்த பிறகு குறைந்ததா, தேய்த்ததால் குறைந்ததா?



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு விளம்பரம் சுற்றியது. விரல் மூட்டு வலியை ஏழே நாளில் விரட்டும் களிம்பாம். "அண்ணே, வாங்கலாமா?" என்று மதினி ஒருவர் கேட்டார். போடியில் இருந்து பழைய மாணவி ஒருத்தி தனியாக எழுதியிருந்தாள்: "ஐயா, அம்மா இருபது வருஷமா ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. இப்ப விரலை மடக்க முடியலை. இது கேட்குமா?"

நான் மருத்துவன் இல்லை, வரலாற்று வாத்தியார். ஆனால் "இது கேட்குமா?" என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் இனி வரும் விளம்பரங்களை நீங்களே எடைபோடலாம் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நம் பள்ளத்தாக்கின் வரலாற்றைப் பாடத்தில் சொல்லும்போது 1895-இல் பெரியாறு அணை வந்ததையும், பென்னிகுக்கையும், இருபோக நெல்லையும் சொல்வோம். அந்த நெல்லை நட்ட கைகளைப் பற்றிச் சொல்லமாட்டோம். சேற்றில் நாற்று ஊன்றியவை, கம்பம் தோட்டங்களில் பன்னீர்த் திராட்சைக் கொத்தைக் கத்தரித்தவை, விடிவதற்குள் ஜீப் ஏறி மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்தவை, வடுகபட்டியில் பூண்டு பிரித்தவை எல்லாம் பெரும்பாலும் பெண்களின் கைகள். ஐம்பது வயது தாண்டியதும் விரல் நுனிக் கணுவில் பட்டாணி அளவுக்கு முண்டு தட்டும். கட்டைவிரல் அடியில் வலிக்கும். காலையில் விரல் விறைத்து நிற்கும். வேலை மட்டும் காரணம் இல்லை. வயது, பரம்பரை, மாதவிடாய் நின்ற பிறகு வரும் மாற்றம் எல்லாம் சேர்ந்தது. மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்வதால் நாம் இதை "மூட்டுத் தேய்மானம்" என்கிறோம்.

வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் இந்த விரல் முண்டுகளைத் தனியாகக் கவனித்து, இது 'கௌட்' என்னும் வாத நோய் அல்ல, வேறு என்று எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1802-இல், அந்த நூல் வெளிவந்தது. அந்த முண்டுகளுக்கு இன்றும் அவர் பெயர்தான். தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் களிம்பு எதுவும் அன்றிலிருந்து இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். களிம்பால் முடிந்தது வலியைக் குறைப்பது மட்டுமே. அதையாவது செய்கிறதா என்பதுதான் கேள்வி.

தேய்க்கும் மருந்துக்கு நம்மிடம் என்றுமே பஞ்சம் இல்லை. சித்த மருத்துவத்தில் உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம் என்று பல உண்டு. வீட்டில் நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சுவார்கள். பெரியாறு அணை திறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1893-இல், காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளுக்கு வந்தவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். பிறகு தொழில் சென்னைக்கு வந்தது. மயிலாப்பூரில் லஸ் பக்கம் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில்தான். பத்திரிகை நடத்தியவர், விடுதலைப் போராட்டத்துக்கு வாரி வழங்கியவர்.

அதே காலத்தில் ரங்கூனில் ஒரு சீனக் குடும்பத்தின் மருந்துக் கடையில் இருந்து புலி மார்க் தைலம் கிளம்பியது. 1928-இல் சிங்கப்பூரில் கோடாலித் தைலம் பிறந்தது. கடல் கடந்து போன நம்மவர்கள் ஊர் திரும்பும்போது பெட்டியில் அது இல்லாமல் வந்ததே இல்லை. ஆளுக்கு ஒரு குப்பி கிடைத்தால்தான் "வந்த பயணம் நல்ல பயணம்".

இவற்றுக்குள் இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: புதினா உப்பு என்கிற மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், குளிர்காய்ச்செடி எண்ணெய் என்கிற மெத்தில் சாலிசிலேட். கடைசியாகச் சொன்னதுக்கும் நம் மாநிலத்துக்கும் பழைய உறவு உண்டு. நீலகிரி மலையில் அந்த எண்ணெய் தரும் செடி தானாகவே வளர்கிறது. 1860, 70-களில் ஊட்டியில் சிங்கோனா ஆராய்ச்சிக்காக அரசு வைத்திருந்த வேதியியலாளர் ஜான் பிராட்டன் அந்த எண்ணெயை ஆராய்ந்தார். ஆஸ்பிரின் மாத்திரைக்கும் இதற்கும் வேதியியலில் ஒரே குடும்பம்.

ஆக, பொருள் நம்மிடம் இருந்தது, வியாபாரம் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. இல்லாமல் இருந்தது சோதனை. இலவசமாகக் கொடுத்துப் பார்ப்பது விளம்பரம் ஆகுமே தவிர சோதனை ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஊரில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தகரக் கூரை பறக்கும். அந்த உச்சத்தில் நான் வாசலில் ஒரு விளக்குமாற்றைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறேன் என்று வையுங்கள். புரட்டாசியில் காற்று அடங்கிவிடும். அடக்கியது விளக்குமாறா?

மூட்டு வலியும் அப்படித்தான். அது ஏறும், இறங்கும். நாம் மருந்து வாங்க ஓடுவது வலி உச்சத்தில் இருக்கும் நாளில். அதற்கப்புறம் அது இறங்கத்தான் செய்யும். இது முதல் காரணம். இரண்டாவது, எந்த எண்ணெயையும் பத்து நிமிடம் நீவினால் விரல் இளகும். அந்தப் பெருமை கைக்குத்தான், குப்பிக்கு அல்ல. மூன்றாவது, மகன் சிங்கப்பூரில் இருந்து வாங்கி வந்தது என்ற நினைப்பே பாதி வலியைக் குறைக்கும். இது பொய் அல்ல. வலி என்பது மூளை உணர்வது, மனம் தளர்ந்தால் அதுவும் தளரும். இந்த மூன்றும் சேர்ந்து "தேய்த்த பிறகு குறைந்தது" என்பதை "தேய்த்ததால் குறைந்தது" என்று நம்ப வைத்துவிடும். "பிறகு" என்பதற்கும் "ஆல்" என்பதற்கும் நடுவே இருக்கிற தூரத்தைக் கடக்கத்தான் சோதனை.

எப்படிக் கடப்பது? ஒரே மாதிரி நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு மருந்துள்ள களிம்பு, மறு குழுவுக்கு அதே நிறம், அதே பதம், ஆனால் மருந்து இல்லாத களிம்பு. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, அளந்து பார்க்கும் மருத்துவருக்கும் தெரியக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், யார் எந்தக் குழு என்பதை மனிதர் முடிவு செய்யக்கூடாது. மருத்துவர் முடிவு செய்தால், தேறக்கூடியவரை அறியாமலேயே புது மருந்துப் பக்கம் தள்ளிவிடுவார்.

இங்கே எனக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. எட்டாம் வகுப்பில் நடத்தினேனே, பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921-ஆம் ஆண்டுகள், குடவோலை முறை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றுமறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். யாருடைய சாய்வும் நுழையக்கூடாது என்பதற்காக. மருந்துச் சோதனையில் திருவுளச் சீட்டுப் போடுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

இந்த முறையில் உலகமே திரும்பிப் பார்த்த சோதனை ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. 1956-இல் மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் நான்கும் சேர்ந்து காசநோய் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கின. காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல சாப்பாடு போட்டால்தான் குணமாகும் என்பது அன்றைய நம்பிக்கை. ஏழை நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் குடிசை வீட்டிலுமே வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-இல் முடிவு வெளியானதும் உலக நாடுகள் தங்கள் காசநோய்த் திட்டத்தையே மாற்றிக்கொண்டன. பெரிய பெரிய வல்லுநர்களின் நம்பிக்கையை மாற்றியது அந்தச் சீட்டுதான்.

காசநோய் உயிர்கொல்லி, அதனால் அதற்குப் பணமும் ஆளும் கிடைத்தன. விரல் வலியில் யாரும் சாவதில்லை. அதனால் அதன் முறை வர வெகுகாலம் ஆனது.

விரல் தேய்மானத்துக்கான களிம்பைச் சரியான முறையில் சோதித்த தொடக்க கால ஆய்வுகளில் ஒன்று 1992-இல் அமெரிக்காவில் வெளியானது. சோதித்த பொருளைக் கேட்டால் சிரிப்பீர்கள், மிளகாய்! மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் 0.075 சதவீதம் கலந்த களிம்பு. கையில் மூட்டு வலி உள்ள 21 பேர். 14 பேருக்குத் தேய்மானம், 7 பேருக்கு முடக்குவாதம். ஒரு பகுதியினருக்கு மிளகாய்க் களிம்பு, மற்றவர்களுக்கு வெறும் களிம்பு, ஒரு நாளைக்கு நான்கு வேளை, நான்கு வாரம். தேய்மானக்காரர்களுக்கு வலியும், தொட்டால் நோகும் தன்மையும் வெறும் களிம்பைவிட நன்றாகக் குறைந்தன. முடக்குவாதக்காரர்களுக்குப் பலன் தெரியவில்லை. பக்க விளைவு? எரிச்சல் மட்டும்தான்.

எரிவது எப்படி வலியைக் குறைக்கும்? டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் விடை கண்டது. நம் நரம்பு நுனிகளில் சூட்டை உணரும் ஒரு வாயில் இருக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரி சூட்டில் அது திறக்கும். கேப்சைசின் பட்டாலும் அதே வாயில்தான் திறக்கும். அதனால்தான் காரத்தை "சுடுகிறது" என்கிறோம். விடாமல் தடவினால் அந்த நரம்பு நுனிகள் மரத்துப்போய் வலிச் செய்தி அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். இதற்காக 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆனால் இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன்கூடப் பிடித்துவிடுவான். எரிந்தால் மருந்து, எரியாவிட்டால் வெறும் களிம்பு என்று நோயாளிக்கே தெரிந்துவிடுமே? பிற்காலத்தில் அக்கி வந்து போன பிறகு நிற்கும் நரம்பு வலிக்காகக் கேப்சைசின் பட்டையைச் சோதித்தபோது, ஒப்பீட்டுப் பட்டையிலும் துளியளவு கேப்சைசின் சேர்த்தார்கள். இரண்டும் கொஞ்சம் எரியட்டும் என்றுதான். நம் தைலங்களுக்கும் இதே சிக்கல். கோடாலித் தைலத்தின் வாசனை இல்லாத போலிக் கோடாலித் தைலத்தை யாரிடம் கொடுத்து ஏமாற்ற முடியும்? வாசனைத் தைலங்களை நம்பகமாகச் சோதிப்பது கடினம் என்பதற்கு இது ஒரு காரணம்.

வாசனையும் எரிச்சலும் பெரிதாக இல்லாத மருந்தைச் சோதிப்பது எளிது. டைக்ளோஃபினாக் ஜெல் அப்படிப்பட்டது. 2009-இல் வெளியான ஆய்வில் கைத் தேய்மானம் உள்ள 385 பேர் எட்டு வாரம் தடவினார்கள், சிலர் 1 சதவீத ஜெல்லை, சிலர் மருந்தில்லா ஜெல்லை. மருந்து ஜெல்காரர்களுக்கு வலி 42 முதல் 45 சதவீதம் குறைந்தது. ஆகா என்று எழுந்துவிடாதீர்கள். வெறும் ஜெல் தடவியவர்களுக்கும் கணிசமாகக் குறைந்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சிறியது, ஆனாலும் நான்காம் வாரத்தில் தெளிவாகத் தெரிந்தது.

இத்தகைய சோதனைகளைத் திரட்டி 2016-இல் காக்ரேன் என்ற அமைப்பு ஒரு கணக்குச் சொன்னது. அதில் பெரும்பாலானவை முழங்கால் தேய்மானச் சோதனைகள். டைக்ளோஃபினாக் தடவிய நூறு பேரில் சுமார் அறுபது பேருக்கு நல்ல நிவாரணம். வெறும் களிம்பு தடவிய நூறு பேரில் சுமார் ஐம்பது பேருக்கு அதே நிவாரணம். ஆக, மருந்தால் கூடுதலாகப் பயன் பெற்றவர் பத்துக்கு ஒருவர்.

"இதற்கா இவ்வளவு?" என்று கேட்பீர்கள். என் தங்கையும் அதையேதான் கேட்டாள்.

அவள் நாற்று நட்டவள், பிறகு திராட்சைத் தோட்டத்துக்குப் போனவள். விரல் வலிக்கு மருந்துக் கடை ஒன்றில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கி நான்கு ஆண்டு விழுங்கினாள். ஏற்கெனவே இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உண்டு. ஒரு நாள் கால் வீங்கியது. பரிசோதித்தால் சிறுநீரகம் பாதிக்குமேல் பழுது. மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார் மருத்துவர். வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்ப்பது புதிய செய்தி அல்ல. அவளிடம் அதைச் சொல்ல ஆள் இல்லை.

களிம்பின் சின்னப் பலனுக்கு மதிப்பு வருவது இங்கேதான். ஒரு முழங்காலுக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தடவும்போது இரத்தத்தில் சேரும் மருந்து, மாத்திரை விழுங்கினால் சேருவதில் ஏறத்தாழ 6 சதவீதம்தான். விரல் மூட்டு தோலுக்கு அருகிலேயே இருப்பதால் மருந்து அதிக தூரம் போக வேண்டியதும் இல்லை. ஐரோப்பிய வாத நோய் மருத்துவர் கூட்டமைப்பு 2018-இல் கைத் தேய்மானத்துக்கு மாத்திரைக்கு முன் பூச்சு மருந்தையே முதலில் முயலச் சொன்னதும் இந்தப் பாதுகாப்பை நினைத்துத்தான்.

மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தங்கை ஜெல்லுக்கு மாறினாள். காலண்டரில் தினமும் இரவு பத்துக்கு எத்தனை வலி என்று எழுதச் சொன்னேன். இரண்டு வாரம் ஜெல், இரண்டு வாரம் வெறும் தேங்காய் எண்ணெய், மறுபடி ஜெல். எண்ணெய் வாரங்களில் ஐந்து, ஆறு. ஜெல் வாரங்களில் நான்கு. "ஒண்ணு ரெண்டு மார்க்குக்கா அண்ணே இந்தப் பாடு?" என்றாள். பிறகு அவளே, "இட்லித் துணியைப் பிழிய முடியுது, அது போதும்" என்றாள். ஒருத்தியின் காலண்டர் அறிவியல் ஆகாது, எனக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு எது உதவுகிறது என்று முடிவு செய்ய அது போதுமானதாக இருந்தது.

உங்கள் வீட்டுக்காகச் சில வார்த்தைகள்:

1. தேய்மானத்தை "வேரோடு ஒழிக்கும்" என்று சொல்லும் எதையும் வாங்காதீர்கள். பல நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே ஒரு சட்டம் வந்தது. அந்தப் பட்டியலில் வாத நோயும் இருக்கிறது.

2. "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேர்? எதோடு ஒப்பிட்டார்கள்? சீட்டுப் போட்டுப் பிரித்தார்களா? நம் நாட்டில் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்ய 2007 முதல் அரசுப் பதிவேடு இருக்கிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். சித்த, ஆயுர்வேத மருந்துச் சோதனைகளும் அதில் பதிவாகின்றன. நம் தைலங்கள் நல்லவை என்றால் சோதனையைக் கண்டு அவை அஞ்ச வேண்டியதில்லை.

3. சிறுநீரக, இருதய நோய் உள்ளவர்கள், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்கள் ஜெல்லையும் மருத்துவரைக் கேட்டே தடவ வேண்டும். மிளகாய்க் களிம்பு தடவிய கையைக் கண்ணில் வைக்கக்கூடாது. மிளகாய் அரைத்த கைக்கு நான் சொல்லவும் வேண்டுமா? கைக்கு அது சிரமம் என்று அமெரிக்க மருத்துவர்களே பின்வாங்கியிருக்கிறார்கள்.

4. தைலக் குப்பிகளைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். கலப்பில்லாத குளிர்காய்ச்செடி எண்ணெய் ஒரு தேக்கரண்டி, இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். கற்பூரம் உள்ளே போனால் குழந்தைக்கு வலிப்பு வரும்.

5. காலையில் நெடுநேரம் விறைப்பு, பல மூட்டுகளில் வீக்கம், காய்ச்சல் இருந்தால் அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். களிம்பு தடவி நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். க.விலக்கில் நம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

போடிக்கார மாணவிக்கு: அந்த ஏழு நாள் களிம்பு வேண்டாம் அம்மா. அம்மாவை அழைத்துப்போய் முதலில் சிறுநீரகமும் இரத்தக் கொதிப்பும் பார்த்துக்கொள். மருத்துவர் சரி என்றால் சாதாரண ஜெல் போதும். கூடவே ஒரு காலண்டரும் பேனாவும் வாங்கிக் கொடு. நான்கு வாரம் கழித்து எண்களை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்
கம்பம்